மழை பெய்யாத குடைக் கம்பெனி

தம்பி: ...சிரிக்காதீங்க அண்ணி. நிஜமாவே கேட்டிருக்கான். குடைக் கம்பெனி நடத்துற நம்ம கம்ப்யூட்டர் விளையாட்டுல மழை ஏன் பெய்யலைன்னு.

அண்ணி: நியாயமாத்தானே கேக்குறான்.

தம்பி: வெளியிட்டுப் பத்து நாள்ல முந்நூறு பேர் நியாயமா கேட்டுட்டாங்க.

அண்ணி: எர்லி ஆக்சஸ்னா அப்படித்தானே? வேலை முடியல, விளையாடிப் பாத்துக் குறை சொல்லுங்கன்னு முதல்லயே போட்டிருக்கோமே.

தம்பி: ஒரு சன்னல் விட்டுப்போனா குறைன்னு சொல்லலாம். நமக்கு வானமே விட்டுப்போச்சு!

அண்ணி: உங்கண்ணன் மழைக்கான புரோகிராமைக் கடைசியா எழுதறேன்னார்.

தம்பி: முதல்ல என்ன எழுதினாரு? டீ இடைவேளை. அப்புறம் கழிப்பறை வரிசை. மேனேஜர் கொட்டாவி விடுறதுக்கு மட்டும் பதினோரு விதம்...

அண்ணி: அது உன் கொட்டாவிதான். உன்னைப் பாத்துப் பாத்துத்தான் செஞ்சார்.

தம்பி: ...என்கிட்ட சொல்லவே இல்ல.

அண்ணி: சொன்னா நீ வாயை மூடிக்குவியே. வேற என்ன எழுதியிருக்காங்க?

தம்பி: கம்பெனியை முதல் நாளே இழுத்துப் பூட்டிட்டா நஷ்டமே வராதாம். ஒருத்தர் கண்டுபிடிச்சிருக்கார். எல்லாரும் பாராட்டுறாங்க.

அண்ணி: தொழில் தெரிஞ்ச மனுஷன்.

தம்பி: இன்னொருத்தர், “என் ஆபீஸ் மாதிரியே இருக்கு. பணத்தைத் திருப்பிக் குடுங்க”ங்கறார்... அண்ணி, மழை எழுத எனக்கு இன்னும் மூணு மாசமாவது ஆகும். உண்மையைச் சொல்லிடலாம்.

அண்ணி: எதை?

தம்பி: இதைச் செஞ்சவர் நாலு மாசத்துக்கு முன்னாடி இறந்துட்டார்னு. ரெண்டே வரி.

அண்ணி: வேண்டாம்.

தம்பி: சொன்னா திட்ட மாட்டாங்க...

அண்ணி: அதனாலதான் வேண்டாங்கறேன். ஆழ்ந்த இரங்கல்னு போட்டுட்டு வேற விளையாட்டுக்குப் போயிடுவாங்க. இப்போ தினமும் முப்பது பேருக்காவது அவர் மேல கோபம் இருக்கு. நம்ம வீட்டுக்கு வர்றவங்க அவர் பேரையாவது எடுக்கறாங்களா?

தம்பி: அதுக்காக அவர் பேர்லயே பதில் போடறதா?

அண்ணி: யாரு போட்டா?

தம்பி: “இங்கே குடை மட்டும்தான் கிடைக்கும், பொறுமையை வீட்டிலிருந்து எடுத்து வரவும்”னு நேத்து அண்ணன் கணக்குல இருந்து போயிருக்கே...

அண்ணி: நான்தான். அந்த ‘நனைஞ்ச கோழி’க்குப் போட்டேன். மழையே இல்லாத விளையாட்டுல அவனுக்குப் பேரைப் பாரு! காலையில ஒன்பது மணியானா வந்துடுறான். உன் கம்பெனி நாற்காலிக்குக்கூட முதுகெலும்பு இல்லைங்கறான். உங்கண்ணன் கேட்டுக்கிட்டு சும்மா இருப்பாரா?

தம்பி: இருக்க மாட்டார்.

அண்ணி: அவனுக்குப் பதில் சொல்லணும்னுதான் எழுந்து மூஞ்சி கழுவறேன், தம்பி. நீ ரெண்டு வரி போட்டா... அவனும் வர மாட்டான்.

தம்பி: வருவான்.

அண்ணி: உனக்கெப்படித் தெரியும்?

தம்பி: அண்ணன் போனப்புறம் என்னைத் திட்ட ஆளே இல்ல, அண்ணி. முதல் நாள் கிறுக்குத்தனமா வேற பேர்ல அவருக்கு ஒரு புகார் போட்டேன்... பதில் வந்துச்சு. அப்படியே அவர் திட்டுற மாதிரி. மறுநாள் ஒன்பது மணி வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளல.