கேட்டருகே பச்சைக் கொடியுடன் நின்றவர்

மாதிரி ரயில் கூடத்தின் மதிப்பிற்குரிய காவலரே! மயிரிழைப் பிசகையும் மன்னிக்காத மாமணியே! கண்ணாடித் தடுப்புக்குள் ஓராண்டை ஓடவிடாமல் நிறுத்தி, ரயிலை மட்டும் ஓயாமல் ஓடவிட்ட ஒப்பற்றவரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய பூதக்கண்ணாடியாரே! வணக்கம்.

முப்பத்தோராண்டுப் பணியை முடித்து முறுவலோடு (இன்றாவது!) அமர்ந்திருக்கும் தங்களைப் பற்றித் தங்களிடமே சொன்னால், பாதியில் நிறுத்தி, "எந்தத் தேதி? யார் பார்த்தது?" என்பீர்கள். ஆகவே, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் 'அவர்' என்றே சொல்லிச் செல்கிறோம். பொறுத்தருள்க.

எங்கள் ரயில் அருங்காட்சியகத்தின் மாதிரிப் பாதை, எங்கள் ஊர் ரயில் பாதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்காம் ஆண்டில் இருந்தபடியே செய்யப்பட்டது. அந்த ஆண்டில் இல்லாத எதுவும் அதில் இருக்கக் கூடாது என்பது அவர் வேதம். நடைமேடையில் விரல்நுனியளவு பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கண்டு, அன்று தகர வாளிதான் என்று தூக்கி எறிந்தவர். மேலாளர் ஆசையாக வாங்கி வந்த எஞ்சினின் முகவிளக்கு மறு ஆண்டு வந்தது என்று கண்டுபிடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர். யாரையும் நம்பமாட்டார். தன் நினைவை மட்டுமாவது நம்புவாரா என்றால், அதுவும் கிடையாது. எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும்.

அப்படிப்பட்டவர் சென்ற ஆண்டு ஒரு காலை கூடத்தைத் திறந்தபோது, பாதையின் கிழக்கு வளைவில் இருந்த ரயில்வே கேட்டருகே ஒரு பெண் நின்றாள். நகத்தளவு பொம்மை. கையில் தீக்குச்சிச் சிம்பில் ஒட்டிய பச்சைக் காகிதம். அறுபத்து நான்கில் பெண் கேட் கீப்பரா? பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டார். இரண்டு நாளில் இன்னொருத்தி அதே இடத்தில் நின்றாள். அவளும் இழுப்பறைக்குப் போனாள்.

அன்று தொடங்கியது எங்கள் போதாத காலம். வர்ணம் பூசுபவரின் விரல்களைப் பிடித்துப் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். மின்பணியாளர் இருமினால் ஏன் இருமினார் என்று யோசித்தார். ஓய்வு நெருங்குகிறதே, போகிற நேரத்தில் தன் முகத்தில் கரி பூச எவனோ திட்டம் போட்டிருக்கிறான் என்று அவர் மனம் அரித்தது. ஒரு மாலை, தரையெங்கும் சுண்ணாம்புத் தூளை மெல்லத் தூவிவிட்டுப் போனார். காலையில் குனிந்து பார்த்தால் கால்தடமும் இல்லை, தூளும் இல்லை. தரை பளபளவென்று இருந்தது. பொம்மை மட்டும் நின்றது, மூன்றாவதாக.

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. விடிந்ததும் கூட்டித் துடைப்பவர் ஒருவர்தானே! நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் துப்புரவுப் பணியாளர்.

"நீதானாம்மா?"

"நான்தான் சார்." அக்கா துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. "உடைஞ்ச பொம்மை டப்பாவிலிருந்து எடுத்தேன். அது எங்கம்மா. அந்த கேட்ல அவங்கதான் நின்னாங்க. எனக்கு அப்போ ஆறு வயசு."

"தாள் இருக்கா?"

"தாளுக்கு நான் எங்க சார் போவேன்?"

அக்காவை வேலையிலிருந்து நீக்கும்படி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதோடு சேர்த்துக் கொடுக்க ஆதாரம் வேண்டுமல்லவா? கோப்பறைக்குப் போய்ப் பழைய பணிப் பதிவேட்டைப் புரட்டினார். அந்தக் கேட்டுக்கு நேராக ஓர் ஆணின் பெயர். வென்றுவிட்ட வேகத்தில் திரும்பி வந்தார்.

"பதிவேட்டுல ஆம்பளை பேருதான் இருக்கு."

"அப்பா பேரு சார்." அக்காவின் குரல் சற்றே இறங்கியது. "ஷண்டிங்ல, பெட்டி மாத்திக் கோக்கறப்போ, அவருக்கு கால் போயிடுச்சு. கேட்ல நிக்க முடியலன்னு தெரிஞ்சா ரயில்வே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. வேலை அப்பா பேருல, கொடி அம்மா கையில. ஒன்பது வருஷம்."

கதை நன்றாக இருக்கிறது என்று நினைத்தார். நன்றாக இருக்கும் கதையின் மேல்தான் அவருக்குச் சந்தேகம் அதிகம். ஆனாலும் அன்று மதியம் சோறு இறங்கவில்லை. பதிவேட்டை நம்பினோமே, அதை எழுதியவனும் ஒரு மனிதன்தானே என்று முதன்முறையாகத் தாளையே சந்தேகித்தார். நான்கு நாள், தும்மிக்கொண்டே, விபத்துக் கோப்புகளைக் கட்டுக் கட்டாக அவிழ்த்தார். ஐந்தாம் நாள் கிடைத்தது. அறுபத்து நான்கு, மார்ச். லாரி ஒன்று கேட்டை இடித்த விசாரணை. எஞ்சின் ஓட்டுநரின் வாக்குமூலம்: "கேட்டருகே வழக்கம்போல் அந்த அம்மாள் பச்சைக் கொடியுடன் நின்றிருந்தார்."

வழக்கம்போல். அந்த ஒரு சொல்லை அவர் மூன்று முறை படித்தார். பிறகு, அவராயிற்றே, அந்த ஓட்டுநர் அன்று உண்மையில் அந்த ரயிலை ஓட்டினாரா என்று வேறொரு ஏட்டிலும் சரிபார்த்தார். ஓட்டியிருந்தார். சட்டைப் பையிலிருந்த கடிதம் அப்போது நெருப்பாய்ச் சுட்டது. எடுத்துக் கிழித்தார். முப்பது வருடம் ஆளில்லாத கேட்டின் வழியாக ரயிலை விட்டுக்கொண்டிருந்தோமே என்று அவருக்கு உடம்பு கூசியது.

கூடத்துக்கு வந்தபோது அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் கேட்டருகே இருந்த பொம்மையை எடுத்து அக்கா முன் நீட்டினார்.

"இது சரியில்லைம்மா."

அக்காவின் முகம் செத்துப்போனது. "சரி சார். இனிமே வைக்கல."

"அதில்ல. இது பயணி பொம்மை. இடது கையில பை இருக்கு பாரு. கொடி காட்டுறவங்க பையோட நிப்பாங்களா? அம்மா எப்படி நிப்பாங்க?"

அக்கா துணியைக் கீழே போட்டார். முதுகை நிமிர்த்தி, வலது காலைச் சற்று முன்வைத்து, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி, வராத ரயிலைப் பார்த்து நின்றார். எங்கள் பூதக்கண்ணாடியார் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் மண்டியிட்டார்.

"அசையாதேம்மா," என்றார். "தப்பாயிடக் கூடாது."

ஐயா! அளந்து அளந்து எங்களை அலைக்கழித்த அருங்கண்கள் ஒளி குன்றாமலும், துருவித் துருவித் தேடிய விரல்கள் நடுங்காமலும், துணைவியாரோடும் பிள்ளைகளோடும் நோயின்றி நெடுங்காலம் வாழ்க! வீட்டில் யார் எதைச் சொன்னாலும் தாள் கேட்காமல் நம்பும் பேறும் தங்களுக்கு வாய்க்குமாக!

தங்கள் நம்பிக்கையைத் தாமதமாகப் பெற்ற,
மாதிரி ரயில் கூடப் பணியாளர்கள்