ரப்பர் பேண்ட் போட்ட கிளாஸ்

பார்களில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: மேசைகள் ஒட்டும். முழங்கையை எடுத்தால் சட்டை ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கூடவே வரும். மற்றபடி அங்கே எல்லோரும் என்னிடம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் சார், நான் குடிப்பதில்லை. வயிறு ஒத்துக்கொள்ளாது. இதையும் எழுதிக்கொண்டால் நல்லது.

பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். வாரம் ஒருநாள் மாலையில் எழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். குழந்தைகள் பள்ளியில் நடக்கும் வகுப்பு அது. பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி தாடையை இடிக்கும். மேடம் எங்களுக்குக் கொடுத்தது ஒரே விதி. பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே. எனக்கு அது வசதியாகப் போயிற்று, ஏனென்றால் எனக்குக் கற்பனை வராது. சின்ன வயதில் மழை நாளைப் பற்றிக் கட்டுரை கேட்டபோது, மழை வரட்டும் என்று காத்திருந்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன் நான்.

ஆளுக்கொரு விஷயம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் மேடம். ஒருவர் கடலை எடுத்தார். ஒருவர் தன் மாமியாரை எடுத்தார். நான் இந்த ஊரின் பார்களை எடுத்தேன். முன்பின் நுழைந்ததில்லை என்பதுதான் காரணம். முறையாகச் செய்ய வேண்டும் என்று கீழிருந்து மேலே போகத் திட்டமிட்டேன்: முதலில் சந்துக்கடைகள், பிறகு ஏசி பார்கள், கடைசியில் ஹோட்டல் லவுஞ்ச். எங்கே போனாலும் கதவோரம் ஓர் இருக்கை, ஒரு சோடா, வாயை மூடிக்கொண்டு வேடிக்கை.

பஸ் டிப்போ பக்கத்துப் பாரில் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பாட்டு நின்றால் கதவு திறக்கும். டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் பாரில் டிவியில் மல்யுத்தம் மட்டும்தான், அதுவும் சத்தமில்லாமல். சத்தத்தை வாடிக்கையாளர்களே போட்டுக்கொள்கிறார்கள். இதையெல்லாம் ஒழுங்காக எழுதி வகுப்பில் வாசித்தேன். பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கும் அக்கா ஒருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நல்லா இருக்கு தம்பி. ஆனா ஒண்ணுமே நடக்கலையே. எங்க கிளினிக்ல காத்திருக்கறவங்களுக்குக்கூட இதைவிட ஜாஸ்தி நடக்குது."

"உனக்குக் கண்ணு இருக்கு. காத்திரு. ஏதாவது நடக்கும்," என்றார் மேடம்.

காத்திருந்தேன். பாரில் எதுவும் நடப்பதில்லை சார். எதுவும் நடக்க வேண்டாம் என்றுதானே அங்கே வருகிறார்கள்.

அப்படித்தான் அக்கா பாருக்குப் போய்ச் சேர்ந்தேன். பெயர்ப்பலகை விழுந்துவிட்டதால் அதை நடத்தும் அம்மாவை வைத்தே எல்லோரும் அக்கா பார் என்கிறார்கள். லிஃப்ட் மாமாவை அங்கேதான் பார்த்தேன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குடியை விட்டுவிட்டவர். ஆனால் நண்பர்கள் எல்லோரும் அந்தப் பாரிலேயே இருந்ததால் பாரை மட்டும் விட முடியவில்லை. அவருக்கென்று அக்கா ஓர் ஏற்பாடு செய்திருந்தார். வெறும் கோலாவை ஊற்றி, கிளாஸின் இடுப்பில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டை மாட்டிக் கொடுப்பார். ரம் கலந்த கோலாவும் வெறும் கோலாவும் பார்வைக்கு ஒன்றுதான்; மாறிவிடக் கூடாதே என்பதற்காக அந்த ரப்பர் பேண்ட். அதற்குச் 'சைவக் கிளாஸ்' என்று பெயர். எனக்கும் அதையே கொடுத்தார். "வாங்க எழுத்தாளரே, உங்களுக்கும் சைவம்தானே? எழுதறது மட்டும் அசைவமா?" என்று கேட்பார்.

வெளிச்சம் இருக்கும்போதே மாமாவின் மகள் ஸ்கூட்டரில் வந்துவிடுவார். வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். மாமா படியிறங்கிப் போவார்.

"ஊதுங்கப்பா."

மாமா மகளின் முகத்தில் ஊதுவார். மகள் மூக்கைச் சுருக்கிச் சோதித்துவிட்டு இரண்டாவது ஹெல்மெட்டை நீட்டுவார். பார் முழுக்க ஜன்னலில் நின்று கைதட்டும். "மாமா பாஸ்!" என்று யாராவது கத்துவார்கள். இந்தச் சோதனையில் ஒருமுறை தோற்றாலும் வீட்டுக்கு வர வேண்டாம் என்பதுதான் மகளின் நிபந்தனை. டாக்டரின் நிபந்தனை அதைவிடச் சுருக்கமானது. மாமாவே சொன்னார்: "என் கல்லீரல் பழைய லிஃப்ட் கயிறு மாதிரி தம்பி. இன்னும் ஒரே ஒரு ஆள் ஏறினாப் போதும்."

எனக்கு இது தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும்.

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் மாமா சொன்ன ஒரு கதையைப் பற்றி அங்கே எல்லோரும் பேசுவார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட மேனேஜர் கதை. அதைக் கேட்டு ஒருவர் நாற்காலியோடு கவிழ்ந்தாராம். நானும் மாமாவிடம் கேட்டேன். "அதுவா? ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க. திறந்துவிட்டேன்," என்றார். அவ்வளவுதான். குடியோடு கதையும் போய்விட்டது. எவ்வளவு பெரிய நஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

காத்திருப்பதற்கும் கொஞ்சம் கை கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதில் எனக்கு முழு நிச்சயம் இல்லை.

மாமா வந்ததும் முதலில் கை கழுவப் போவார், மெக்கானிக் பழக்கம். அவர் கிளாஸ் மேசையில் காத்திருக்கும். ஒருநாள், நண்பர் ஒருவர் வருவார் என்று சொல்லி ஒரு ரம் கோலா வாங்கி வைத்திருந்தேன். "யாரு, பொண்ணா?" என்றார் அக்கா. சிரித்து மழுப்பினேன். மாமா குழாயைத் திறந்ததும் அவர் கிளாஸிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி ரம் கிளாஸில் மாட்டினேன். இரண்டையும் இடம் மாற்றினேன். விரல் நடுங்கவில்லை. என் தொழிலில் நடுங்கக் கூடாது.

மாமா வந்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். ரப்பர் பேண்டைப் பார்த்தார். அதை ஒரு விரலால் இழுத்து விட்டார், டப்பென்று அடித்தது. அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் என் கோலாவின் நிறம் கறுப்பா கரும்பழுப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் துப்பியிருக்கலாம் சார். வாஷ்பேசின் இரண்டு எட்டில் இருந்தது. அவர் துப்பவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் காலியானதும் இன்னொன்று கேட்டார். அக்கா சைவம்தான் கொண்டுவந்தார். நண்பருக்கு என்று சொல்லி நான் இன்னொரு ரம் வாங்கி, அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும் அதில் கலந்தேன். அப்புறம் கதை வந்தது.

"காலையில ஒருத்தனை வேலையை விட்டுத் தூக்கறான் மேனேஜர். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்ல, ரெண்டு மாடிக்கு நடுவுல அம்போ! நான் போய்க் கதவை நெம்பித் திறக்கறேன். மேனேஜர் குலுங்கிக் குலுங்கி அழறான். வேலை போனவன் அவன் தோளைத் தட்டிக் கொடுக்கறான். என்னைப் பார்த்து, 'அண்ணே, அதுக்குள்ள ஏன் வந்தீங்க? வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு, இன்க்ரிமென்ட் பேசிட்டிருக்கோம், கொஞ்சம் சாத்துங்க'ங்கறான்!"

பாரே குலுங்கியது. நாற்காலியோடு யாரும் கவிழவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் ஹாரன் கேட்டது.

"ஊதுங்கப்பா."

மாமா படியில் வாயை மூடிக்கொண்டு நின்றார். "அப்பா, ஊதுங்க." கண்ணில் விழுந்த தூசியை ஊதுவது போல மெல்ல ஊதினார். மகள் மூக்கைச் சுருக்கினார். இரண்டாவது ஹெல்மெட்டைப் படியில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஜன்னலில் யாரும் கைதட்டவில்லை. "நான் சைவம்தானே ஊத்தினேன், சைவம்தானே ஊத்தினேன்," என்று அக்கா ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்தார். தன் கைத்தவறுதான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். பாரைப் பூட்டிவிட்டதாகக் கேள்வி. அவரைத் திருத்த எனக்குச் சந்தர்ப்பம் அமையவில்லை.

"இப்ப எங்க போறது தம்பி?" என்றார் மாமா, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி.

"எனக்கு இன்னும் சில இடங்கள் பாக்கி இருக்கு மாமா. வாங்களேன்."

டயர் கடைக்கு மேலே ஒரு லாட்ஜில் அவருக்கு அறை எடுத்துக் கொடுத்தது நான்தான். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தினமும் மாலையில் ஒரு பார். அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதை சொல்வார், நான் கேட்பேன். அதையெல்லாம் எழுதி வாசித்தபோது வகுப்பில் யாரும் கொட்டாவி விடவில்லை. ரிசப்ஷன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த மாமா அப்புறம் என்ன ஆனார் தம்பி?"

நான் என்ன செய்வேன்? பார்க்காததை எழுதக் கூடாதே. அவர் கண் வெள்ளை மஞ்சளாகிக்கொண்டிருந்ததை முதலில் கவனித்தது நான்தான். அந்த மஞ்சளுக்குச் சரியான பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

கடைசி இடம் ஹோட்டல் மாடியில் இருக்கும் லவுஞ்ச். அங்கே வேர்க்கடலையை எண்ணி வைத்தது போல ஒரு சின்னக் கிண்ணத்தில் கொடுக்கிறார்கள். சோபா அவ்வளவு தாழ்வு. உட்கார்ந்தால் யாராவது கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும்.

"அந்த ரப்பர் பேண்டு நீதானே?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"ஏன்டா?"

"லிஃப்ட் கதை கேக்கணும்னு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேடா."

"கேட்டேன் மாமா. ரெண்டே வரியில முடிச்சிட்டீங்க."

வெகுநேரம் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். வாயோரம் ரத்தம் வந்தது. "தம்பி, கை குடு," என்று கையை நீட்டினார். விரல்கள் விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. எதையோ முறுக்கித் திறக்கும் கை போல இருந்தது. எதை என்று எனக்குப் பிடிபடவில்லை. லிஃப்ட் கதவு என்பது சுலபமான உவமை. மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார். கை சோபாவில் விழும்வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். மாமாவின் மகள் ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் என்றீர்கள். சிரமம் இல்லையென்றால் அவரிடம் ஒரு சந்தேகம் மட்டும் கேட்க வேண்டும். அன்று அவர் அப்பா ஊதியபோது என்ன வாசனை வந்தது? நான் கதவோரமே நின்றுவிட்டேன். தெரியாமல் எழுதினால் அது பொய்யாகிவிடும் சார், எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை.