கனகாம்பரம் சொன்ன வாக்கு

புதூர்நாடு போகும் ஜீப்பில் என் எதிரே கணவன், மனைவி, நடுவில் மகள். மகள் கல்யாணத்துக்காக மலையடிவாரக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

“சாமி சரின்னுச்சா, வேணான்னுச்சா?” என்றார் கணவர்.

“செவப்பு வந்தா கல்யாணம், வெள்ள வந்தா வேணாம். நீதானய்யா பொட்டலம் எடுத்த?”

“ரெண்டு பொட்டலத்துலயும் கனகாம்பரம் இருக்குதேடி!”

“வெள்ளப் பூவு கெடைக்கலியாம். அதுக்குப் பதிலா பூசாரி வெளுத்ததா ஒண்ணு வெச்சாராம்.”

“அப்ப நான் எடுத்தது இன்னா?”

“பப்பாளி கலரு. அதான் வெளுப்பு.”

“வெயில்ல பாரு, செங்கல்லு!”

அலுவலகங்களில், தெளிவில்லாத உத்தரவை விளக்கம் கேட்டு மேலிடத்துக்கே திருப்பி அனுப்புவதுதான் நடைமுறை. ஜீப்போ பாதி மலை ஏறிவிட்டது.

மகள் இரண்டு பூவையும் வாங்கித் தலையில் செருகிக்கொண்டாள்.

“மாப்ள வூட்டுக்கு போன் போடு நைனா. அடுத்த வளைவுல டவர் போய்டும்.”