பெற்றோர் நிரப்ப வேண்டியது

— கவுண்ட்டர்ல அந்த அம்மா அஞ்சு நிமிஷம் மூச்சு விடாம பேசினாங்க. நீ ரெண்டே வார்த்தைல முடிச்சிட்டியே பாப்பா?

— அவ்வளவுதான்ப்பா விஷயம். நமக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வர்றவங்களுக்கு உடம்பு சரியில்லையாம். இன்னிக்கு வர மாட்டாங்களாம். வேற தேதி வேணும்னா ஏழு வாரம் ஆகுமாம்.

— ஏழு வாரமா! இன்னிக்கு லீவு வாங்கறதுக்கே சூப்பர்வைசர் கால்ல விழாத கொறை. எட்டு பஸ்ஸைக் கழுவி வெச்சிட்டுப் போன்னான். கழுவி வெச்சிட்டுத்தான் வந்திருக்கேன். இடுப்பு என்கிட்ட இருக்கான்னே தெரியல.

— அதான் ஃபாரத்தை வாங்கிட்டு வந்துட்டேன். நான் படிக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. டாக்டர் கூப்பிடறதுக்குள்ள முடிச்சிடலாம்.

— உன்னைப் பத்தி என்கிட்ட கேக்கற கேள்விய நீயே கேட்டு நீயே எழுதப் போறியா? அதுக்கு அந்த அம்மா ஒத்துக்கிட்டாங்களா?

— எங்க அப்பாவே படிச்சிடுவாருன்னு சொல்லிட்டேன்.

— அடிப்பாவி!

— பேங்க்ல, ஆஸ்பத்திரில, வீட்டுக்காரர்கிட்ட, எல்லா எடத்துலயும் நான்தானே பேசறேன்? இதுவும் அப்படித்தான். நாப்பது கேள்வி. இல்லை, எப்பவாவது, அடிக்கடி. மூணுல ஒண்ணு சொன்னா போதும்.

— கேளு. கண்ணை மூடிக்கறேன். தூங்கிட்டா எழுப்பு.

— ஒண்ணு. உங்க பொண்ணு நல்லா தூங்கறாளா?

— அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவா. அப்பனைக் கொண்டு பொறந்திருக்கா.

— அடிக்கடின்னு போடறேன். ரெண்டு. ஃப்ரெண்ட்ஸ்கூட பழகறாளா?

— அந்த சுருட்டை முடிக்காரி இருக்காளே! வந்தான்னா ஃப்ரிட்ஜைக் காலி பண்ணிட்டுத்தானே போவா.

— அவ வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சுப்பா.

— ஒரு வருஷமா? நான் வேலைக்குப் போனப்புறம் வந்துட்டுப் போறான்னுல்ல நெனச்சிட்டிருக்கேன். சண்டையா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. எப்பவாவதுன்னு போட்டுக்கறேன். மூணு. காரணமில்லாம எரிஞ்சு விழறாளா?

— அது உங்கம்மா. அவ லாண்டரில ரெட்டை ஷிப்டுல மாட்டிக்கிட்டா, அதனால தைரியமா சொல்றேன்.

— அப்பா, வெளையாடாதீங்க. நாலு. எப்பவும் களைப்பா இருக்காளா?

— நம்ம வீட்டுல களைப்பா இல்லாதவங்க யாரு பாப்பா? கேக்கறாங்க பாரு கேள்வி.

— அடிக்கடி. அஞ்சு. ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறாளா?

— இல்லை. ஏழரைக்கெல்லாம் பையை மாட்டிக்கிட்டு கெளம்பிடறே. கெளம்பறது சரி, போய்ச் சேர்றியா?

— சேர்றேன்ப்பா.

— ஸ்கூல்லேருந்து வந்த லெட்டர்ல என்ன போட்டிருந்ததுன்னு சொன்ன?

— கணக்குல மார்க் கொறைஞ்சிருக்கு, ஒருதடவை இங்க வந்து பாத்துட்டுப் போங்கன்னு. அன்னிக்கே படிச்சு சொன்னேனே.

— சொன்ன. ரெண்டு பக்கத்துக்கு இருந்தது அந்த லெட்டர். கணக்குல மார்க் கொறைஞ்சதுக்கு மனசு டாக்டர்கிட்ட எதுக்கு அனுப்பறாங்கன்னு அன்னிக்குலேருந்து யோசிக்கறேன்.

— இந்த ஊர்ல எல்லாத்துக்கும் இங்கதான் அனுப்புவாங்க. ஆறுக்குப் போலாமா?

— போ.

— ஆறு. ரூமைச் சாத்திக்கிட்டு தனியா இருக்காளா?

— பதினஞ்சு வயசுக்காரி சாத்திக்காம என்ன பண்ணுவா? சரி, அடிக்கடி.

— ...பதினேழு. ஒழுங்கா சாப்பிடறாளா?

— கோழி கொத்தற மாதிரி கொத்துவா. எப்பவாவதுன்னு போடு. இன்னும் எத்தனை?

— பாதி வந்தாச்சுப்பா. பத்தொம்பது. வீட்டு வேலைல ஒத்தாசை பண்றாளா?

— பதினெட்டு?

— கேட்டாச்சே.

— எனக்கு இவங்க மொழி தெரியாதுதான். எண்ணக்கூடவா தெரியாது?

— அது நமக்கு வேண்டாத கேள்விப்பா. சின்னக் கொழந்தைங்களுக்குப் போட்டிருக்காங்க.

— கையை எடு பாப்பா. தாளை மறைக்காத.

— அப்பா, டாக்டர் கூப்பிடப் போறாங்க...

— இதோ இந்த வார்த்தை எனக்குத் தெரியும்.

— உங்களுக்கா? எப்படி?

— ஷெட்டுல மருந்துப் பெட்டிக்கு மேல செகப்பு எழுத்துல ஒட்டி வெச்சிருக்கான். பதிமூணு வருஷமா தெனமும் அது முன்னாடிதான் பூட்ஸ் மாட்டறேன். வேலைக்குச் சேந்த அன்னிக்கே சூப்பர்வைசர் இதுமேல வெரலை வெச்சு, கையைக் கிழிச்சுக்கற மாதிரி நடிச்சுக் காமிச்சான். காயம். படி.

— வேண்டாம்ப்பா.

— இத்தனை வருஷமா நீ எதைச் சொன்னாலும் சரின்னு தலையாட்டியிருக்கேன். டீச்சர் திட்டினதையெல்லாம் பாராட்டா மாத்திச் சொன்னப்பவும் ஆட்டினேன், அவங்க மொகத்தைப் பாத்தாலே தெரிஞ்சுது. இந்த ஒண்ணை மட்டும் அப்படியே படி.

— உங்க பொண்ணு... தனக்குத் தானே காயம் பண்ணிக்கறாளா?

— ம்.

— இல்லைன்னு சொல்லுங்கப்பா. நான் போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடறேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. ப்ளீஸ்ப்பா.

— இல்லைன்னு போட்டா உள்ள அந்த டாக்டர் இதைப் பத்தி உன்கிட்ட பேசுவாங்களா?

— பேச மாட்டாங்க.

— அப்ப அடிக்கடின்னு போடு.

— அப்பா! உங்களுக்கு என்ன தெரியும்? நீங்களா எதையாவது...

— பாத்ரூம் அலமாரில பஞ்சும் பிளாஸ்திரியும் தீரத் தீர யாரு வாங்கி வெக்கறான்னு நெனச்ச? உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல பாப்பா, அதான் வாங்கி வாங்கி வெச்சேன்.