டாக்டர் ஹமீதா பானுவை ஊசி கொல்லவில்லை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுப் பெரியோர்களே! கீழக்கரையிலிருந்து வந்திருக்கும் ஜமாத்தார்களே! பங்குத்தந்தை அவர்களே! மனைவியைப் பறிகொடுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தாஹா அண்ணன் அவர்களே! எல்லோருக்கும் மேலாக, சேர் போதாமல் சுவரோரம் நிற்கும் எங்கள் வயிற்றுப் பிரிவின் வியாழக்கிழமை நோயாளிகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஜோதிமேரி. இந்த மருத்துவமனையின் தலைமைச் செவிலி. பதினேழு ஆண்டுகள் குடல் மருத்துவர் ஹமீதா பானு அவர்களின் அறை வாசலில் நின்றவள். எனக்கு மேடைப் பேச்சு வராது. அழுதுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஆனால் வருகிற வழியில் ஆட்டோக்காரர் தன் போனில் ஒன்றைக் காட்டினார். "உடல் இளைக்க ஊசி போட்ட பெண் டாக்டர் மரணம். ஊசிதான் கொன்றது." இந்த ஊர் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அழுகை வரவில்லை, ஐயா! கோபம் வந்தது! அந்தக் கோபத்தோடுதான் பேசப் போகிறேன்.

தாஹா அண்ணனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சொல்கிறேன். பதினொரு வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் டாக்டரின் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது. முப்பத்திரண்டு வயதில் ஒரு ஆபரேஷன். ஐம்பத்து நான்கு வயதில், சென்ற மாதம், மதுரையில் இரண்டாவது ஆபரேஷன். நான்காம் நாள் இதயம் நின்றுவிட்டது. இதில் ஊசி எங்கே வந்தது? யாரைக் கேட்டு எழுதினார்கள்? அந்தச் செய்தியை நம்பி, அதே ஊசியைச் சர்க்கரைக்காகப் போட்டுக்கொண்டிருந்த மூன்று பேர் இந்த ஒரு வாரத்தில் மருந்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஒருவருக்கு நேற்றுச் சர்க்கரை முந்நூற்றெண்பது! செத்துப்போன டாக்டரின் பெயரைச் சொல்லி உயிரோடு இருப்பவர்களைச் சாகடிக்கலாமா? அனுமதிப்போமா நாம்?

அவர் அந்த ஊசிக்கு எதிரி என்று ஒரு கூட்டம் சொன்னது. அந்த ஊசியின் ஏஜென்ட் என்று இன்னொரு கூட்டம் சொன்னது. இரண்டும் பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மத்தியானம், தங்கச்சிமடத்திலிருந்து ஜாஸ்லின் என்கிற பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா வந்தார். இருபத்து நான்கு வயது. நண்டுக் கம்பெனியில் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் பொண்ணு கொஞ்சம் இளைத்தால் நல்லது என்றார்களாம். உடல் மெலிவு நிலையம் ஒன்றில் போய் ஊசி போட்டுக்கொண்டாள். டாக்டர் கிடையாது, சீட்டு கிடையாது. சிறிய அளவில் தொடங்கி மாதக்கணக்கில் மெல்லக் கூட்ட வேண்டிய மருந்தை மூன்றாம் வாரமே உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒன்பது நாளாக மலம் இறங்கவில்லை. இரண்டு நாளாக வாந்தி. நாக்கு காய்ந்து, வயிறு கல்லாகி வந்து படுத்தாள் அந்தப் பெண்.

டாக்டர் முதலில் கேட்டது ஊசியைப் பற்றி அல்ல.

"என்னா புள்ள சாப்பிட்ட இத்தன நாளா?"

"பசிக்கவே இல்ல டாக்டர். டீ. ரெண்டு ரஸ்க்கு."

"வேற?"

அவள் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். வயிற்றுக்கு நல்ல பாக்டீரியாவாம். மலச்சிக்கல் என்று சொன்னதும் அதே நிலையத்தில் கொடுத்த பொடி! டாக்டர் அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஓங் கொடலுக்குள்ள கோடிக்கணக்குல உசுரு இருக்குமா. கீரை, பயறு, கேப்பைன்னு நீ திங்கிறதுல உள்ள நார்தான் அதுகளுக்குச் சோறு. இந்த ஊசி பசிய அமத்தும். எரைப்பையிலருந்து சாப்பாடு எறங்குறதயும் மெதுவாக்கும். அது அதோட வேல. நீ திங்காம கெடந்தா அதுகளும் பட்டினி. பட்டினி கெடக்குற வீட்டுக்கு விருந்தாளிய அனுப்பி வச்சா என்னாகும்? அதுதான் இந்தப் பொடி."

நான்கு நாள் வார்டில் வைத்திருந்தோம். மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் அளவா இருக்கா" என்றார். இந்தக் காதால் கேட்டேன்! டாக்டர் அங்கேதான் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த ஆப்பிள வச்சிட்டு நீங்க வெளிய போங்க. அவளுக்கு அது வேணும். நீங்க வேண்டாம்."

கல்யாணம் நின்றுபோனது. டாக்டர் கெடுத்துவிட்டார் என்று ஊர் பேசியது. அவரா கெடுத்தார்? ஜாஸ்லின் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் வேணாமுன்னு சொன்னேன்னு மேடையில சொல்லிருங்க சிஸ்டர்" என்றாள். சொல்லிவிட்டேன்!

டாக்டர் அத்தோடு விட்டாரா? புகார் எழுதினார். அதிகாரிகள் வந்தார்கள். நிலையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். பத்தொன்பது நாள். இருபதாம் நாள் வேறு பெயரில், அதே தெருவில், இன்னும் பெரிய போர்டோடு திறந்துகொண்டது. அதன் பிறகுதான் ஊரார் போன்களில் ஒரு படம் வந்தது. டாக்டர் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும் படம். "முதல்ல நீ இளைச்சுக் காட்டு" என்று கீழே எழுதியிருந்தார்கள். இதய நோயாளி மூச்சு வாங்குவதைப் படம் பிடித்துச் சிரித்தார்கள், அன்பர்களே! அவர் எடை தொண்ணூற்றெட்டு கிலோ வரை போயிருந்தது. நான் ரகசியத்தை உடைக்கவில்லை. அவரே அதை ஊரறியச் சொன்னார்.

எங்கே சொன்னார் தெரியுமா? வணிகர் மண்டபத்தில். உடல் எடையும் உடல்நலமும் என்று ஒரு கூட்டம். முந்நூறு பேர் இருப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஜமாத்தார் இருந்தார்கள், பங்குத்தந்தை இருந்தார், ஆசிரியர்கள் இருந்தார்கள். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த நிலையத்துக்காரர் எழுந்தார்.

"டாக்டரம்மா, எங்கள மட்டும் கொற சொல்றீங்களே. நீங்களே அதே ஊசியப் போடுறீங்களா இல்லயா? இந்தச் சபையில சொல்லுங்க பாப்போம்!"

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனென்றால், வாரம் தவறாமல் அவருக்கு அந்த ஊசியைப் போட்டது நான்தான்!

டாக்டர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"போடுறேன். ரெண்டு வருசமா போடுறேன். எனக்குச் சர்க்கரை இருக்கு, இதயத்துல கோளாறு இருக்கு. என் டாக்டர் எழுதிக் கொடுத்து, கொஞ்சங் கொஞ்சமாக் கூட்டி, ரத்தம் பாத்துப் பாத்துப் போடுறேன். தொண்ணூத்தெட்டு கிலோ இருந்தேன், பதினோரு கிலோ கொறஞ்சிருக்கேன். மொத ரெண்டு மாசம் எனக்கும் வெளிய போகல. குமட்டல். மீன் ஆனம் கொதிக்கிற வாசம் வந்தாலே ஓடுவேன். வாய விட்டுச் சொன்னேன், அளவக் கொறச்சாங்க. தண்ணியும் காயும் சேத்தேன், சரியாச்சு. இது நல்ல மருந்து. அதுனாலதான் சொல்றேன், இத மிட்டாய் மாதிரி விக்காதீங்க!"

முந்நூறு பேர் முன்னால், தன் ஊர்ப் பெரியவர்கள் முன்னால், ஒரு பெண் தன் மலச்சிக்கலைப் பற்றிப் பேசினார். யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்? நம்மில் எத்தனை பேர் டாக்டரிடம் கூட அதைச் சொல்லக் கூசிக் குனிகிறோம்? அடுத்த வியாழக்கிழமை எங்கள் பிரிவின் வாசலில் அறுபது பேர் நின்றார்கள். அதில் நாற்பதுக்கும் மேல் பெண்கள். கீழக்கரையில் கணவர் வளைகுடாவிலிருந்து அனுப்பிய ஊசியை டாக்டரிடம் காட்டாமல் போட்டுக்கொண்டவர்கள், தேவிபட்டினத்திலிருந்து மகளுக்குத் தெரியாமல் வந்தவர்கள். எல்லோரும் அவர் எதிரே உட்கார்ந்து அதுவரை சொல்லாததைச் சொன்னார்கள்.

அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஊசி போடுகிறவர்களின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கு என்ன ஆகிறது? நம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடும் நம் ஜனங்களுக்கு என்ன ஆகிறது? யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. "நாமளே பாத்துருவமே ஜோதி" என்றார். நாற்பத்தொரு பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஆளுக்கு மூன்று முறை மல மாதிரி கொடுத்தார்கள். அதை மதுரையில் ஒரு கல்லூரி ஆய்வகத்துக்குக் கெடாமல் அனுப்ப வேண்டும். எங்களிடம் பெட்டி ஏது? மண்டபம் ஊரில் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் யாக்கோபு அண்ணன் மீன் பெட்டி கொடுத்தார். முதல் தடவை ஐஸ் போடும்போது அவர் கேட்டார்.

"என்ன மீனு டாக்டரம்மா, இம்புட்டுப் பத்திரமா?"

"மீனில்லண்ணே. மனுசன் வெளிய விட்டது."

"ஏத்தா!" என்று இரண்டடி பின்னால் போனார். பிறகு கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார். "எங்கூட்டுக்காரியும் ஊசி போடுறா. அவளுதும் இதுக்குள்ள இருக்கா?"

"அத நான் சொல்லக் கூடாதுண்ணே."

சிரியுங்கள்! தாராளமாகச் சிரியுங்கள்! அவர் இருக்கிற இடத்தில் சிரிப்பில்லாமல் இருந்ததில்லை.

பதினான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. கீரையும் பயறும் கேப்பையும் விடாமல் சாப்பிட்டவர்களின் குடலில் பலவகைப் பாக்டீரியாக்கள் அப்படியே இருந்தன. டீயும் ரஸ்க்குமாகக் கிடந்தவர்களுக்கு வகைகள் குறைந்திருந்தன. அது ஊசியின் வேலையா, பட்டினியின் வேலையா? நாற்பத்தொரு பேரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதையே எழுதினார். ஒரு டிவிக்காரர் வந்து, குடலை அழிக்கும் ஊசி என்று போட்டுக்கொள்ளலாமா என்றார். அதே நாள் சாயங்காலம் மருந்து விற்பனையாளர் ஒருவர் வந்து, குடலுக்குப் பாதுகாப்பானது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்: "எனக்குத் தெரியாது. தெரியாதத எழுத மாட்டேன்."

எத்தனை படித்தவர்களுக்கு அந்த வார்த்தை வாயில் வரும்? எல்லாம் தெரிந்தவர்கள் போல் போனில் எழுதித் தள்ளுகிறவர்கள் நடுவில், தெரியாது என்று சொல்ல எவ்வளவு படித்திருக்க வேண்டும்! அப்படிப்பட்டவருடைய சாவைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாதவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு மதுரை போவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு ஜோதி. இல்லங்குறது பொய்" என்றார். பிறகு வியாழக்கிழமை நோயாளிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். யாருக்கு அளவு கூட்டக் கூடாது, யாருக்குப் பித்தப்பை ஸ்கேன் பாக்கி, யார் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவார்கள். நான் எழுதிக்கொண்டேன். அதுதான் அவரிடம் நான் கேட்ட கடைசிப் பேச்சு.

பெரியோர்களே! இனி நான் சொல்வது மேடையில் இருக்கும் நிர்வாகத்தாருக்கு. திங்கட்கிழமை எங்கள் பிரிவின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது. மருத்துவர் இல்லாத காரணத்தால் வியாழக்கிழமை வயிற்றுப் பிரிவு மறு அறிவிப்பு வரை செயல்படாது என்று. செவ்வாய்க்கிழமை காலையில் அது அங்கே இல்லை. யார் கிழித்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். வாட்ச்மேன் அய்யப்பனைக் கூப்பிட்டு மிரட்ட வேண்டாம். கிழித்தது நான்தான்!

டாக்டர் யுவராணி, டாக்டரம்மாவிடம் படித்தவர், இதோ இரண்டாம் வரிசையில் இருக்கிறார். டாக்டரம்மா இடத்தில் உட்காரத் தயார் என்று எழுதியே கொடுத்துவிட்டார். நாங்கள் ஐந்து செவிலியர் விடுப்பு நாளிலும் வந்து நிற்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். மருந்தை நிறுத்திய அந்த மூன்று பேர் வீட்டுக்கும் இந்தக் கூட்டம் முடிந்ததும் நேரே போகிறோம். இதற்காக என் மேல் நடவடிக்கை எடுப்பீர்கள் என்றால் எடுங்கள். ஆனால் நாளைக்கு வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கதவு திறந்திருக்கும். வயிற்றில் என்ன கோளாறு இருந்தாலும், எந்த ஊசி போட்டிருந்தாலும், யாரிடம் மறைத்திருந்தாலும், வாருங்கள். தலை நிமிர்ந்து வாருங்கள்!