சரிகைக்கு அரைத்த மஞ்சள்

வண்ணப்பொடியை அவசரப்பட்டு அரைக்கக் கூடாது ஐயா, திப்பிதிப்பியாய் நின்றுவிடும். முப்பது வருஷமாக போர்ட்ஸ்மவுத்தில் ஓவியக்கார மிஸஸ் வெனிக் அம்மாவிடம் பொடி அரைத்து, பசைநீர் விட்டுப் படம் தீட்டும் வண்ணக் குச்சியாக உருட்டிக் காயவைப்பதுதான் என் வேலை. மணிக்கட்டு இரண்டும் போய்விட்டன. ஜாடிகளின் பெயர் தெரியவேண்டும் என்று நாற்பது வயதில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். நான் முதலில் படித்த சொல் 'விஷம்'. மஞ்சள் ஜாடியில் ஒட்டியிருந்தது.

கடற்படை லெப்டினன்ட் லாஸ்கம் தன்னைப் படமாகத் தீட்டிக்கொள்ள வந்து உட்கார்ந்தார். பெண் வீட்டுக்கு அனுப்பவேண்டிய படம். முகம் பாதி ஆகியிருந்தது. சட்டை வெறுமையாக இருந்தது. பதவியைக் காட்டுவது சட்டையின் பொன்சரிகை என்பதால், பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கடைசியில்தான் சட்டை தீட்டுவது. இவருக்குப் பொறுக்கவில்லை.

"கேப்டன் சரிகையப் போட்டுடுங்கம்மா. வெறும் லெப்டினன்ட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"உத்தரவு வரலைன்னா ஊரே சிரிக்கும், துரை."

சுவரில் என் மகன் ஜெத்ரோவின் முகம், கண்ணாடி போடாத தாளில். குச்சியின் பதம் பார்க்க அம்மா எப்போதோ தீட்டியது. மாலுமி வேலைக்கு ஆள் வேண்டுமென்று கடற்படைக்காரர்கள் அவனைத் தெருவில் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். காய்ச்சலில் செத்தான், கடலில் போட்டார்கள். அவன் முகம் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். அது யார் என்று லாஸ்கம் கேட்டார், சொன்னேன்.

"மாலுமிப் பயலுக்கெல்லாம் படமா? ஊதினாலே உதிர்ந்துடுமாமே, நெசமாய்யா கெழவா?"

ஊதினார். பிறகு கைக்குட்டையால் நாலு தட்டு தட்டினார்.

"அட, நெசந்தான்!"

முகமாக இருந்து தரையில் உதிர்ந்த பொடியைக் கூட்டி எடுத்தேன். லாஸ்கமின் கன்னத்துக்கு உருட்டிய குச்சியில் அதைச் சேர்த்தேன். அம்மாவுக்குத் தெரியாது.

அடுத்து அவர் வந்த மூன்று முறையும் குடிக்கச் சாக்லேட் கலக்கிக் கொடுத்தது நான்தான். மஞ்சள் ஜாடியிலிருந்து முதலில் ஒரு சிட்டிகை, அப்புறம் கொஞ்சம் கூட.

"சக்கரை பத்தலைய்யா," என்றார். போட்டேன்.

நான்காம் முறை அவர் வரவில்லை. செத்துப்போயிருந்தார். மறுநாள் அவருக்குக் கேப்டன் உத்தரவு வந்தது. சரிகைக்கு அதே மஞ்சளை அரைத்துக் கொடுத்தேன். அருமையாக வந்தது.

பெண் வீட்டுக்குப் போகாமல் நின்ற படத்தை அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியதும் நான்தான். அன்று வந்த கடற்படைப் பெரிய மனிதர்கள் அதன் முன் தொப்பியைக் கழற்றினார்கள். நன்றாகக் கழற்றட்டும். அந்தக் கன்னம் என் ஜெத்ரோவுடையது. மாலுமி என்று இழுத்துப் போனவனை நான் கேப்டனாக்கியிருக்கிறேன்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். எதற்கு? இருந்தது ஒரு முகம். அதில் இரண்டு பேர் இருக்க முடியாது. என் மகன் இருக்கட்டும் என்று அவரை எழுப்பி அனுப்பினேன், அவ்வளவுதான்.