சந்தேக அண்ணனின் பியானோவும் பூட்டிய அறையும்

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன் பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் மேலாளர் அவர்களே! லிஃப்ட் சோதனைப் பிரிவின் தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணியார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

மறைந்த நம் தலைமைச் சோதகர், நாமெல்லாம் 'சந்தேக அண்ணன்' என்று அழைத்த அந்த அரிய மனிதர், இப்போது இங்கே வந்தால் முதலில் என்ன செய்வார்? இந்த மேடையைக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார்! பிறகு நம் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "என்னய்யா, எல்லாரும் ஒரே மாதிரி புகழுறீங்க? எங்கேயோ இடிக்குதே!" என்பார்.

எனக்கும் இடிக்கிறது தோழர்களே! எனக்கு முன் பேசியவர்கள் அண்ணனைப் 'பியானோ மேதை' என்றார்கள். மேதையா? அண்ணனா? பாடப்புத்தகத்தின் முதல் பாகத்தையே முடிக்காமல் போன மனிதரா மேதை? உயிரோடு இருந்தபோது, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க" என்று ஓய்வறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆள் அனுப்பியவர்கள் யார்? பெயர் சொல்ல மாட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய அறை என்பது உங்களுக்கே தெரியும்.

இடிக்கப்போகும் ஓர் ஓட்டலில் பழைய லிஃப்டைக் கழற்றப் போன இடத்தில்தான் அந்தப் பியானோ கிடைத்தது. வேண்டாம் என்று எறிந்ததை நம் ஓய்வறைக்குக் கொண்டுவந்தோம். அண்ணன் செய்த முதல் காரியம், குனிந்து பெடலை மிதித்துப் பார்த்தது. "இது பிரேக்கா?" என்று கேட்டார்!

அடுத்த வாரமே கடைக்குப் போய் ஒரு பாடப்புத்தகம் வாங்கி வந்தார். அட்டையில், 'வயதுவந்தோருக்கான முதல் பாகம்' என்று போட்டிருந்தது. அண்ணனுக்கு அங்கேயே மூக்கில் வேர்த்துவிட்டது. "பெரியவங்களுக்குன்னு ஏன் தனியா போடணும்? பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற எதையோ நம்மகிட்ட மறைக்கிறாங்க!" என்றார். திரும்பவும் போய், கரடி படம் போட்ட குழந்தைகள் புத்தகத்தையும் வாங்கி வந்து, பக்கத்துக்குப் பக்கம் வைத்துச் சரிபார்த்தார். கரடிதான் வித்தியாசம் என்று தெரிந்த பிறகே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு சுரத்துக்கு மேலும் ஓர் எண் இருக்கும். எந்த விரலால் அழுத்துவது என்பதற்கான எண் அது. பெருவிரல் ஒன்று, சுண்டுவிரல் ஐந்து. நம் அண்ணன் யார்? லிஃப்ட்காரர்! எண் என்றால் அவருக்கு மாடி! பட்டனுக்கு ஒட்டும் எண்களை எடுத்து வந்து, வெள்ளைக் கட்டைகளில் ஒன்று முதல் ஐந்து வரை ஒட்டிவிட்டார். ஆரம்பப் பாடங்கள் அமோகமாக ஓடின. ஏனென்றால் அவற்றில் கை ஒரே இடத்தில்தான் இருக்கும்.

பிறகு ஒரு பாடம் வந்தது. பாட்டின் நடுவில் கை வலப்பக்கம் இடம் பெயர வேண்டும். பெயர்ந்தால் அதே ஒன்றாம் விரல் வேறொரு கட்டையில் விழும். அண்ணன் பெயரவில்லை! எங்கே எண் ஒட்டியிருந்ததோ அங்கேயே அழுத்தினார். நாங்கள் கைதட்டினோம். "பிரமாதம் அண்ணே!" என்றோம். எங்களுக்கு என்ன தெரியும்? அவரோ ஒவ்வொரு கைதட்டலுக்கும் திரும்பி எங்களை முறைத்தார். ஏதோ தப்பு என்று அவர் காது சொன்னது. என்ன தப்பு என்று பிடிபடவில்லை. இளைத்தே போனார் தோழர்களே!

ஒரு மதியம் அவரைப் பல் வைத்தியரிடம் அழைத்துப்போக அண்ணியார் வந்தார். கதவோரம் நின்று கேட்டார். சங்கீதம் படித்தவர் அல்ல அவர். முடிந்ததும் சொன்னார்: "பாட்டு இப்ப மேல ஏறும், இப்ப மேல ஏறும்னு காத்துக்கிட்டே இருந்தேங்க. நீங்க கீழேயே நிக்கிறீங்களே!"

அண்ணன் எழுந்தார். ஒட்டிய எண்களையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்தார். கையை நகர்த்தினார். பாட்டு ஏறியது! அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்? எந்த லிஃப்டுக்குச் சான்று கொடுத்தபோதும் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் எங்களைப் பார்த்துத் திட்டினார் பாருங்கள்! "இத்தனை பேர் கைதட்டினீங்க. ஒருத்தர் வாயிலேர்ந்தாவது உண்மை வந்துச்சாடா?"

அன்று முதல் ஓய்வறையில் புகழ்ச்சிக்குத் தடை. லிஃப்டை எப்போதும் இரண்டு பேராகச் சோதிப்போம் அல்லவா, ஒருவர் பெட்டிக்குள்ளே, ஒருவர் இயந்திர அறையிலே? அதே முறை. ஒருவர் வாசிப்பார். இன்னொருவர் பக்கத்தில் அமர்ந்து, புத்தகத்தில் விரல் வைத்து, தப்பு வந்தால் "இல்லை" என்பார். அவ்வளவுதான். அப்படித்தான் நம் வாயிற்காவலர் கற்றார். கேண்டீன் சமையல்காரர் கற்றார். நானும் கற்றேன். சந்தேகப்படுவதை அன்பு என்று எங்களுக்குக் காட்டிய மனிதர் அவர்! தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அன்று காலை தொலைபேசி வந்தபோது, வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன். "இல்லை" என்று ஒரு குரல் சொல்லாதா என்று ஏங்கினேன். சொல்லவில்லையே!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் நினைவாக அந்தப் பியானோவை வரவேற்பறைக்கு நகர்த்தி, கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, பித்தளைப் பலகை மாட்டப்போவதாக மேலாளர் அறிவித்தார். யாரும் தொடக்கூடாதாம். புனிதமாம்! கண்ணாடிக்குள் இருந்தால் சத்தம் வராது என்பது தற்செயலா? அண்ணன் அடக்கமான அன்று மாலையே ஓய்வறைக் கதவில் பூட்டுத் தொங்கியதே, அதுவும் தற்செயலா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நான் இங்கே சொல்ல விரும்பவில்லை. சந்தேகம் நம் தொழில். மேலாளர் மன்னிக்க வேண்டும்.

அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். எந்தப் பணியை? கண்ணாடியைத் துடைக்கும் பணியையா? அவர் விட்ட பணி, ஐம்பதைத் தாண்டிய மனிதர்கள் அந்தக் கட்டைகளின் முன் அமர்ந்து தப்புத்தப்பாக வாசிப்பது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து உண்மையைச் சொல்வது. நான் ஏற்கும் உறுதி அது ஒன்றுதான்!

கூட்டம் தொடங்குமுன் அண்ணியார் என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது. முதல் பக்கத்துலேர்ந்து நான் ஆரம்பிக்கலாமா? பக்கத்துல யாராவது உட்காருவீங்களா?" என்று கேட்டார். "நாளைக்கு மதியமே வாங்க அண்ணி, நான் உட்காருறேன்" என்று சொல்லிவிட்டேன். "ரூம் திறந்திருக்குமா?" என்றார். "திறந்திருக்கும்" என்றேன்.

மேலாளர் அவர்களே, சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இந்த மேசைமேல் வையுங்கள். வைக்கும்வரை நான் மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.